கிறிஸ்துமஸுக்கு வீட்டாருக்குக் கம்பளிக் குல்லா பின்னுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் இரவுகளில் ஊட்டியில் உறைபனி விழும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பனிமூட்டம் இறங்கி, கேரல் பாடப் போகிறவர்களின் தலைமுடியெல்லாம் ஈரமாகிவிடும். அதனால் நீலகிரியில் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு குல்லா கொடுத்தால், வாங்கியவர் அன்றைக்கே அதைப் போட்டுக்கொண்டு அதிகாலை ஆராதனைக்கோ நள்ளிரவுத் திருப்பலிக்கோ போவார். குன்னூரில் இருக்கும் நான் வருடாவருடம் வீட்டாருக்குப் பின்னுகிறேன். கோயிலில் பார்ப்பவர்களும் வெளியூர் உறவினர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு ஒரு குறிக்கோள்தான் உண்டு: பின்னிய குல்லாவை அவர்கள் தினமும் போட வேண்டும். நூல், அளவு, மாதிரி எல்லாவற்றையும் அதை வைத்தே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

எப்போது ஆரம்பித்தால் டிசம்பருக்குள் முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரத் தடிமன் நூலில் பெரியவர்களுக்கான குல்லா ஒன்றில் ஏறக்குறைய 4,000 கண்ணிகள் (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) இருக்கும். காதுக்கு மேல் மடித்துவிடும் பார்டர் வைத்தால் 5,000 தாண்டும். நிமிடத்துக்கு 15 கண்ணி பின்னுகிறவருக்கு 4,000 கண்ணி என்பது நாலரை மணி நேரம். கை பழகியவர் அதைவிடச் சீக்கிரம் முடிப்பார். புதியவருக்கு இரட்டிப்பு நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டுப் பேருக்குக் கொடுப்பதென்றால் செப்டம்பரில் நூல் வாங்கி, ஆயுத பூஜை விடுமுறையில் உட்கார்ந்துவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டியதை முதலில் பின்னுங்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் அத்தைக்குக் கடைசியாக. அட்வென்ட் தொடங்கியதும் கேக், பலகாரம், வீடு சுத்தம், கேரல் ரவுண்ட்ஸ் என்று வரிசையாக வரும். அப்போது ஊசியைத் தொட நேரமே கிடைக்காது.

எனக்குப் பின்னவே தெரியாது. இந்த வருடமே கொடுக்க முடியுமா?

முடியும். ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வேலையாக ஸ்வெட்டரை எடுக்காதீர்கள், குல்லாவை எடுங்கள். அதில் கையும் கழுத்தும் இணைக்கும் தொல்லை இல்லை.

மிக எளிதான வழி ஒரு நீள்சதுரம் பின்னுவது. அகலம் 50 செ.மீ., உயரம் 22 செ.மீ. எல்லா வரிசையும் நிட் (நேர்க் கண்ணி) மட்டும். பர்ல் (மறுபக்கக் கண்ணி) தேவையே இல்லை. முடித்ததும் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் ஒரு குழாய் கிடைக்கும். மேல் ஓரத்தில் அதே நூலைத் தடித்த ஊசியில் கோத்து ஓட்டி, சுருக்கி இழுத்து, உள்பக்கம் இறுக முடிச்சுப் போடுங்கள். சுருக்கிய இடம் கொஞ்சம் குவிந்து நிற்கும். அதன்மேல் ஒரு நூல் பந்து தைத்துவிட்டால் அழகாகவே இருக்கும். இதைப் பின்னி முடிக்கும்போது உங்கள் கை ஒரே சீராக ஓட ஆரம்பித்திருக்கும்.

எந்த நூல் வாங்குவது? கடையில் எல்லாவற்றையும் ‘உல்லன்’ என்றுதானே சொல்கிறார்கள்?

ஆமாம், அதனால்தான் லேபிளைப் படிக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று விற்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். வர்த்மான் போன்ற லூதியானா கம்பெனிகள் அக்ரிலிக், கம்பளி, இரண்டும் கலந்தது என்று பல வகையிலும் நூல் போடுகின்றன. லேபிள் கிழிந்துபோன உருண்டை கையில் இருந்தால் ஒரு சாண் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும்; நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், மிஞ்சிய கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டும், ஆறியபின் கல் மாதிரி ஒரு கறுப்பு உருண்டை நிற்கும். உருகியதை உடனே தொட்டுவிடாதீர்கள்.

யாருக்கு எது? நான் பார்க்கும் முதல் விஷயம், அந்த வீட்டில் துணியை யார், எப்படித் துவைக்கிறார்கள் என்பது. எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போடும் வீட்டுக்கு அக்ரிலிக்தான் சரி. நல்ல கம்பளிக் குல்லாவைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுழற்றினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தடித்துச் சுருங்கி, பொம்மைக்குப் போடும் அளவுக்கு வந்துவிடும். பிறகு அதைத் திரும்ப விரிக்க முடியாது. மெஷினில் போடலாம் என்று ‘சூப்பர்வாஷ்’ பதப்படுத்திய கம்பளியும் இருக்கிறது, விலை கூடுதல்.

கையால் துவைக்கப் பொறுமை உள்ளவருக்கும், கடுங்குளிரில் வெளியே நடமாடுகிறவருக்கும் கம்பளி கொடுங்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் அது சட்டென்று சில்லிடாது. கேரல் முடிந்து வரும்போது குல்லாவின் மேல் பனித்துளி முத்து முத்தாக உட்கார்ந்திருக்கும். உதறினால் போய்விடும், உள்ளே தலை உலர்ந்திருக்கும். இதை அக்ரிலிக்கில் எதிர்பார்க்க முடியாது.

நெற்றி அரிக்கிறது என்று சிலர் கம்பளியையே ஒதுக்குவார்கள். அரிப்புக்குக் காரணம் தடித்த இழைகள். மெரினோ போல மெல்லிய இழை உள்ள நூல் பெரும்பாலும் உறுத்தாது. வாங்கும் முன் உருண்டையைக் கழுத்தோரம் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், உள்ளங்கையில் தெரியாத சுருசுருப்பு அங்கே தெரியும்.

இந்த மலையிலேயே மென்மையான ரோமம் தரும் ஆடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ முதலான வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது நீலகிரி ஆடு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் இருக்கும் ஆட்டின ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த இனம் மிகவும் அருகிவிட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மலை ஆட்டின் ரோமத்தை இங்கேயே நூற்று, இங்கேயே பின்னும் நாள் வர வேண்டும்.

எவ்வளவு நூல் தேவைப்படும்?

நடுத்தரத் தடிமன் நூலில் பெரியவர்களுக்கு 80 முதல் 100 கிராம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 60 கிராம் அளவுக்கு. கைக்குழந்தைக்கு 30 கிராம் போதும். ஒரே குல்லாவுக்கான உருண்டைகளை ஒரே சமயத்தில் வாங்குங்கள். லேபிளில் சாய எண் போட்டிருக்கும், அது எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரிவது வெயிலில் இரண்டு நிறமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசி நம்பர் குழப்புகிறது. இணையத்தில் கிடைத்த மாதிரியில் 8 என்று இருந்தது, நானும் 8 நம்பர் வாங்கினேன், குல்லா சின்னதாக வருகிறது. ஏன்?

அந்த மாதிரி அமெரிக்கர் எழுதியதாக இருக்கும். நம் நாட்டில் வழக்கத்தில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். நம் 8 நம்பர் 4 மி.மீ., அமெரிக்க 8 நம்பர் 5 மி.மீ. நம் 6 நம்பர் 5 மி.மீ., அவர்களுடைய 6 நம்பர் 4 மி.மீ. இரண்டிலும் ஒன்றாக இருப்பது 7 மட்டும்தான், 4.5 மி.மீ. எனவே எண்ணைப் பார்க்காமல் மி.மீ. அளவைப் பாருங்கள். ஊசியின் தலையிலோ பாக்கெட்டிலோ இரண்டும் அச்சிட்டிருக்கும்.

ஊசி வாங்க எங்கேயும் அலைய வேண்டாம். உலகம் முழுக்கப் பின்னுகிறவர்கள் கையில் இருக்கும் ‘போனி’ ஊசிகள் நம் கேத்தியில்தான் தயாராகின்றன. நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 1949இல் தொடங்கியது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே ரயிலில் போகும்போது பார்க்கிறோமே, அந்தக் கேத்திப் பள்ளத்தாக்குதான்.

பரிசு என்பதால் தலை அளவு கேட்க முடியாது. எப்படித் தெரிந்துகொள்வது?

ஹெல்மெட்டை எடுத்துப் பாருங்கள். உள்ளே 560, 580, 600 என்று மி.மீ. அளவு ஒட்டியிருக்கும். 580 என்றால் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 58 செ.மீ. அண்ணன், மைத்துனர், கல்லூரிக்கு வண்டியில் போகும் பெண் பிள்ளைகள் என்று பாதிக் குடும்பத்தின் அளவு இப்படியே கிடைத்துவிடும்.

மற்றவர்களுக்குப் பொதுவான அளவு போதும். பிறந்த குழந்தைக்கு 34 முதல் 36 செ.மீ., ஒரு வயதில் 46, மூன்று வயதில் 49 அல்லது 50, பள்ளிப் பிள்ளைகளுக்கு 51 முதல் 54, பெண்களுக்கு 54 முதல் 57, ஆண்களுக்கு 57 முதல் 60.

இந்த அளவுக்கே பின்னிவிடாதீர்கள். பின்னல் இழுத்தால் விரியும், அந்த விரிவுதான் குல்லாவைத் தலையில் பிடித்துவைக்கும். பெரியவர்களுக்குத் தலையைவிட 5 முதல் 7 செ.மீ. குறைவாகவும், குழந்தைகளுக்கு 3 முதல் 4 செ.மீ. குறைவாகவும் பின்னுங்கள். உயரம், மடிப்பு நீங்கலாக, பிறந்த குழந்தைக்கு 13 செ.மீ., ஒரு வயதில் 15 அல்லது 16, பள்ளிப் பிள்ளைகளுக்கு 18 அல்லது 19, பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 22 அல்லது 23. மடித்துவிடும் பார்டர் வேண்டுமானால் இதோடு 5 அல்லது 6 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் துண்டு பின்னியே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். குல்லாவைத் தொடங்கும் முன், 10 செ.மீ.க்கு உங்கள் கையில் எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்கப் பின்னும் சிறு சதுரம்தான் அது. 88 கண்ணி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால் குல்லா 49 செ.மீ. வரும், பெரியவர்களுக்குக் கச்சிதம். கொஞ்சம் இறுக்கிப் பின்னி 20 கண்ணி வந்தால் 44 செ.மீ.தான் வரும், அது இரண்டு வயதுக் குழந்தைக்குத்தான் ஆகும். தளர்வாகப் பின்னி 16 கண்ணி வந்தால் 55 செ.மீ. ஆகி, கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கும். இரண்டு கண்ணியில் இத்தனை வித்தியாசம். 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, நனைத்து, உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஒரே நூல், ஒரே ஊசி என்றால் குடும்பம் முழுவதற்கும் அந்த ஒரு துண்டே போதும்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி பின்ன வேண்டுமா?

வேண்டாம். ஒரே அடிப்படை மாதிரியை நன்றாகப் பழகி, நிறத்தையும் பார்டரையும் மட்டும் மாற்றுங்கள். நான் பின்னுவது இதுதான். 4.5 அல்லது 5 மி.மீ. வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைத்த இரண்டு ஊசி முனைகள்), நடுத்தரத் தடிமன் நூல், 10 செ.மீ.க்கு 18 கண்ணி. பெண்கள் தலைக்கு ஏற்ற அளவு.

88 கண்ணி போட்டு, முறுக்கு விழாமல் வட்டமாக இணையுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 5 செ.மீ. பார்டர் பின்னுங்கள், மடிக்க வேண்டுமானால் 10 அல்லது 11 செ.மீ. அதன்பின் எல்லாச் சுற்றும் நிட். மடிப்பை விட்டுவிட்டு, அடியிலிருந்து 15 செ.மீ. வந்ததும் உச்சி ஆரம்பம்.

உச்சிக்கு 88 கண்ணியை 11, 11 ஆக எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கின் முடிவிலும் ஒரு அடையாள வளையம் மாட்டுங்கள். வளையம் இல்லையென்றால் வேறு நிற நூலில் ஒரு சின்ன முடிச்சு போதும். ஒவ்வொரு வளையத்துக்கும் முன்னால் வரும் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து நிட் போடுங்கள். ஒரு சுற்றில் எட்டுக் கண்ணி குறைந்து 80 ஆகும். அடுத்த சுற்றைக் குறைக்காமல் சும்மா பின்னுங்கள். இப்படிச் சுற்றுவிட்டுச் சுற்று குறைத்து 72, 64, 56, 48 வரை வாருங்கள். 48க்கு ஒரு சும்மா சுற்று போட்டபின் எல்லாச் சுற்றிலும் குறைத்து 40, 32, 24, 16, 8. நூலை 20 செ.மீ. விட்டு வெட்டி, அந்த எட்டுக் கண்ணிக்குள்ளும் கோத்து இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். இந்த உச்சிப் பகுதி 6 செ.மீ. உயரம் வரும், மொத்தம் 21 செ.மீ. ஆகிவிடும். மேலிருந்து பார்த்தால் எட்டுக் கோடுகள் நடுவை நோக்கி லேசாக வளைந்து போவது தெரியும். எத்தனை பின்னினாலும் அந்தக் கோடுகள் கூடிவரும் கடைசிச் சுற்றுகள் எனக்கு அலுப்பதில்லை.

ஆண்களுக்கு 96 கண்ணி, பங்குக்கு 12. பள்ளிப் பிள்ளைகளுக்கு 88 கண்ணியே சரி, உயரத்தை மட்டும் குறையுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு 80 கண்ணி, பங்குக்கு 10. ஒரு வயதுக் குழந்தைக்கு அதே 80 கண்ணி சற்றே மெல்லிய ஊசியில் கண்ணி நெருங்கி வந்தால் சரியாக இருக்கும். எண் எதுவானாலும் எட்டால் வகுபட்டால் பார்டரும் உச்சியும் தானாகப் பொருந்திவிடும்.

உச்சி குறுகும்போது வட்ட ஊசி இழுபடும். அப்போது இரண்டு பக்கமும் கூரான நான்கு ஊசிகளுக்கு, அதாவது சாக்ஸ் பின்னுகிற ஊசிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வட்ட ஊசி இல்லை. பாட்டி காலத்து நீள ஊசி இரண்டுதான் இருக்கிறது.

அது போதும். தையலுக்கு இரண்டு கண்ணி கூட்டி 90 போட்டு, முன்னும் பின்னுமாகப் பின்னுங்கள். நேர்ப்பக்கம் நிட், மறுபக்கம் பர்ல். உச்சியைக் குறைத்து முடித்தபின் பின்பக்கத்தைத் தைத்துவிடலாம். தையல் தடிக்காமல் இருக்க, ஓரக் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக் கோத்து இழுங்கள். குல்லா போடும்போது தையல் பிடரிக்கு நேராக வர வேண்டும்.

பார்டர் நெற்றியில் சிவப்புக் கோடு போடுகிறது. ஏன்?

முதலில் கண்ணி போடும்போது இறுக்கிவிட்டீர்கள். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் கண்ணி போட்டு, பின்னத் தொடங்கும்போது ஒன்றை உருவிவிடுங்கள். விளிம்பு தாராளமாக விரியும்.

கொண்டை போடும் அம்மாவுக்கும், நீளமான பின்னல் வைத்திருக்கும் தங்கைக்கும் குல்லா நிற்கவே மாட்டேன் என்கிறது.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை இந்தக் கூந்தலை மனதில் வைத்து எழுதியவை அல்ல. தடித்த கூந்தலை உயரக் கொண்டை போட்டால் குல்லா மெல்ல மெல்ல மேலேறி, உச்சியில் குந்திக்கொள்ளும். பிடரியில் தாழ்வாகக் கொண்டை போடுகிறவர்களுக்கு 3 செ.மீ. உயரம் கூட்டி, பிடரியையும் மூடுகிற மாதிரி பின்னுங்கள். உயரக் கொண்டை என்றால் உச்சியை மூடவே வேண்டாம். உச்சியில் 40 கண்ணி இருக்கும்போது நிறுத்தி, தலைமுடிக்குப் போடும் எலாஸ்டிக் வளையம் ஒன்றை வைத்து, அதையும் சேர்த்துப் பிடித்தபடி கண்ணிகளை முடித்துவிடுங்கள். கொண்டை அந்த ஓட்டை வழியாக வெளியே வரும், குல்லா அசையாது. கனகாம்பரமோ மல்லிகையோ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதைப் போல வசதி வேறில்லை, பூ கசங்காது.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தாடையில் கட்டும் கயிறு வைக்காதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பொத்தான், மணி, லேசாகத் தைத்த நூல் பந்து எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். மொஹேர் போன்ற ரோமம் உதிரும் நூலும் வேண்டாம். பிறந்த சில மணி நேரத்துக்கும் மருத்துவர் சொன்ன சமயங்களுக்கும் தவிர, வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போடக் கூடாது. குழந்தையின் உடல் சூடு தலை வழியாக வெளியேறும், அதை மூடினால் சூடு மிஞ்சிப்போகும். மலையில் இருக்கும் பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனாலும் பரிசைக் கையில் கொடுக்கும்போதே பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சையில் முடி கொட்டியிருக்கும் உறவினருக்குக் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். முடியில்லாத தலைக்குக் குளிர் அதிகம் தெரியும், இரவில் தூங்கும்போதும் தேவைப்படும். தோல் மிகவும் மென்மையாகியிருக்கும் என்பதால் மெல்லிய பருத்தி நூலோ மிக மிருதுவான அக்ரிலிக்கோ எடுங்கள். தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னுங்கள். உச்சியின் முடிச்சை உள்ளே விடாமல் வெளிப்பக்கம் மறைத்துவிடுங்கள். முடி இல்லாததால் சுற்றளவு கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல் கம்பளி போல இழுத்துச் சுருங்காது, ஆகவே பார்டரை இன்னும் 2 செ.மீ. நீளமாக வைத்தால் பிடிப்பு கிடைக்கும்.

சென்னையிலும் திருநெல்வேலியிலும் இருப்பவர்களுக்குக் குல்லா எதற்கு?

தடித்த கம்பளி வேண்டாம்தான். ஆனால் மார்கழிப் பனிக்கு மங்கி குல்லா மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போகிற பெரியப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பருத்தி நூலில், காதை மட்டும் நன்றாக மூடும் மெல்லிய குல்லா பின்னலாம். ரயிலிலும் ஏசி பஸ்ஸிலும் அடிக்கடி போகிறவர்களுக்கும் அது பிடிக்கும்.

ஆண்கள் பின்னினால் கேலி செய்வார்களே?

பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் டாக்கிலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. உங்கள் மகன் ஊசியைக் கேட்டால் கொடுங்கள்.

கிறிஸ்துமஸ் என்பதால் சிவப்பும் பச்சையும்தான் போட வேண்டுமா?

கேரல் ரவுண்ட்ஸில் போடுவதற்கென்றால் சிவப்பில் வெள்ளைப் பார்டர் வைத்துப் பின்னுங்கள், பிள்ளைகள் குதிப்பார்கள். ஆனால் அதை ஜனவரியில் யாரும் போட மாட்டார்கள். நான் பெரியவர்களுக்கு அவர்கள் தினமும் போடும் ஸ்வெட்டரின் நிறத்தைப் பார்த்து எடுப்பேன். நம் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுப்பார்கள் இல்லையா, அந்த நிறம் முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் நல்லது. அடர் நிறத்தையும் வெள்ளையையும் சேர்த்துப் பின்னுவதற்கு முன்னால், அடர் நிற நூலை ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

கடையில் சல்லிசாகக் கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்டுக்குப் போனால் நல்ல குல்லாக்கள் கிடைக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடையில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே அளவுதான். பெரிய தலை உள்ள சித்தப்பாவுக்கும், ஒரு காதில் கேட்கும் கருவி மாட்டியிருக்கும் தாத்தாவுக்கும், கொண்டை போடும் அம்மாவுக்கும் அளவெடுத்த மாதிரி அங்கே கிடைக்காது. கருவி இருக்கும் தாத்தாவுக்குக் காதுப் பக்கம் இறுக்கம் குறைத்து, மெல்லிய நூலில் பின்னிக் கொடுத்தால் அவர் அதைக் கழற்றவே மாட்டார்.

கனடாவில் இருக்கும் அக்கா குடும்பத்துக்கு அனுப்பினால் அங்கே உள்ள குளிருக்குத் தாங்குமா?

ஸ்கார்பரோவின் ஜனவரிக் குளிரும் குன்னூர்க் குளிரும் ஒன்றல்ல. நம் அளவில் ஒற்றை மடிப்புக் குல்லா பின்னினால் காற்று உள்ளே போகும். அங்கே அனுப்புவதற்குக் கம்பளி நூல் எடுத்து, ஊசியை அரை மி.மீ. குறைத்து நெருக்கமாகப் பின்னுங்கள். அதற்கேற்பக் கண்ணி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். பார்டரை 14 செ.மீ. பின்னி, உள்பக்கமாக மடித்து, ஆரம்ப விளிம்பைப் பார்டருக்கு மேல் வரும் முதல் வரிசைக் கண்ணிகளோடு தளர்வாகத் தைத்துவிட்டால் காதுக்கு மேல் இரட்டைத் துணி நிற்கும்.

அனுப்புவதைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் வாரத்தில் தபாலில் சேர்த்துவிடுங்கள். சுங்கப் படிவத்தில் பரிசு என்று குறித்து, ‘கையால் பின்னிய குல்லா’ என்று பொருளைத் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி, மதிப்பையும் போட வேண்டும். கனடாவில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 60 கனடிய டாலருக்குள் இருந்தால் வரி கிடையாது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒவ்வொரு குல்லாவிலும் பெயர்ச்சீட்டு கட்டிவிடுங்கள்.

துவைப்பது எப்படி? பரிசோடு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா?

ஒரு சின்ன அட்டையில் மூன்று வரி எழுதி உள்ளே வையுங்கள்: என்ன நூல், எப்படித் துவைப்பது, இஸ்திரி போடலாமா கூடாதா. கம்பளி என்றால் பச்சைத் தண்ணீரில் துளி ஷாம்பூ கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கசக்காமல் அமுக்கி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் இறங்கிவிடும். பிறகு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவைத்தால் வடிவம் கெடாது. அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் இழை தளர்ந்து, துவண்டுபோகும். எடுத்து வைக்கும்போது துவைத்து உலர்த்திய பிறகே வையுங்கள், பூச்சி தேடி வருவது வியர்வையும் எண்ணெயும் படிந்த கம்பளியைத்தான்.

கொடுத்தபின் அளவு சரியில்லை என்றால்?

திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தளர்வாக இருந்தால் பார்டரின் உள்பக்கத்தில் மெல்லிய எலாஸ்டிக் நூலை இரண்டு மூன்று வரிசை ஓட்டிவிடுங்கள், வெளியே தெரியாது. காது மூடவில்லை என்றால் கீழ் விளிம்பிலிருந்து கண்ணிகளை ஊசியில் எடுத்து, கீழ்நோக்கி இன்னும் சில வரிசை பார்டர் பின்னலாம். வேறு நிறத்தில் போட்டால் முதலிலிருந்தே அப்படி நினைத்துப் பின்னியது போல இருக்கும். உயரம் மட்டும் அதிகம் என்றால் உச்சியின் முடிச்சை அவிழ்த்து, தேவையான வரிசை வரை பிரித்து, அங்கிருந்து மறுபடி குறைத்துக்கொண்டு வாருங்கள். ரொம்பச் சின்னதாகப் போய்விட்டால் அதே வீட்டில் அதற்குப் பொருத்தமான தலை ஒன்று இருக்கும். அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதி நூலில் எட்டுக் கண்ணி கூட்டி அடுத்ததைத் தொடங்குங்கள். அதனால்தான் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு உருண்டை கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்வேன்.